அந்நியரும் அயலவரும்: சிக்காகோவின் ஹல் இல்லம்

1889 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 18 ஆம் திகதி, சிக்காகோ மாநகரின் மேற்குப் பகுதியிலே, ஹோல்ஸ்ரெட் வீதியில் நின்ற பழைய மாளிகையொன்றின் மேல்மாடியில் இரு பெண்கள் குடிபுகுந்தனர். சாள்ஸ் ஹல் என்னும் செல்வர் 1856 இல் கட்டிய வீடு அது. அவர் கட்டியபோது அவ்விடம் நகரின் ஓரத்து நல்ல குடியிருப்பாக இருந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகளில் நகரம் அதைச் சூழ்ந்து நெருக்கிவிட்டது. வீட்டின் ஒரு பக்கத்தில் சவப்பெட்டி விற்பவரின் கடை, மறுபக்கத்தில் மதுக்கடை. கீழ்த்தளத்தைத் தொழிற்சாலையொன்று தன் அலுவலகமாகவும் பண்டசாலையாகவும் வைத்திருந்தது. குடிவந்த அன்று தளபாடங்களை ஒழுங்குபடுத்தும் ஆரவாரத்தில், பக்கத்து வீதியை நோக்கிய கதவைப் பூட்டவும் மறந்து, சாத்தவும் மறந்து இருவரும் உறங்கிவிட்டனர். விடிந்து பார்த்தால் ஒரு பொருளும் களவு போகவில்லை. புதிய அயலவரைப்பற்றி அவர்கள் பெற்ற முதல் அறிவு அதுவே.

அவ்விருவருள் ஒருவர் ஜேன் அடம்ஸ். மற்றவர் அவருடைய கல்லூரித் தோழி எலன் கேற்ஸ் ஸ்ரார். ஜேன் அடம்ஸ் அம்மையார் இலினோய் மாநிலத்தின் சிற்றூரொன்றில் 1860 இல் பிறந்தவர். தந்தையார் மாவாலை உரிமையாளர், மாநில சட்டசபை உறுப்பினர். உயர் கல்வி முடித்த 1881 ஆம் ஆண்டிலேயே தந்தையை இழந்தார். உடல்நலமும் குன்றியது. பணமும் படிப்பும் இருந்தும் செய்வதற்கு ஒரு தொழிலின்றி எட்டு ஆண்டுகள் கழிந்தன. அக்காலத்தில் ஐரோப்பியப் பயணமொன்றின்போது இலண்டனின் கிழக்குப் பகுதியில், சனிக்கிழமை இரவுச் சந்தையில், அழுகத் தொடங்கிய மரக்கறிகளை ஏலத்தில் கேட்டு நின்ற ஏழைமக்களைக் கண்டார். கைக்கு எட்டிய கோவாவை அவ்விடத்திலேயே பச்சையாகக் கடித்துத் தின்ற ஒருவனின் தோற்றம் அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை. 1888 இல் மீண்டும் இலண்டன் சென்றபொழுது, அதே கிழக்குப் பகுதியில் சாமுவேல் பார்னெற் என்னும் குருவானவர் 1884 இல் நிறுவிய ரொயின்பி மண்டபத்தைப் பார்வையிட்டார். பல்கலைக்கழகத்தில் படித்த இளைஞர் ஏழைகளுக்குத் தருமம் கொடுத்துவிட்டு வீடு திரும்பாமல், ஏழைகளின் தெருவிலேயே வந்து வாழ்ந்த இடம் அது. வந்துபோவதற்கும் வந்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் அங்கே கண்டுகொண்டார்.

ஆனால், இலண்டனில் பணக்காரருக்கும் ஏழைக்கும் இடையே இருந்த இடைவெளி ஒன்றே. சிக்காகோவில் மொழி, சமயம், உடை, உணவு என்பனவும் அதனோடு சேர்ந்துகொண்டன. 1890 இல் பதினொரு இலட்சம் மக்களைக் கொண்டிருந்த அந்நகரில் ஐந்தில் இருவர் வேறு நாட்டிற் பிறந்தவர்கள். ஹல் இல்லத்துக்கும் ஆற்றுக்கும் இடையே இத்தாலியர் ஏறக்குறையப் பதினாயிரம் பேர், தெற்கே ஜெர்மானியர், ஒழுங்கைகளில் போலந்திலும் உருசியாவிலும் இருந்து தப்பிவந்த யூதர், அதற்கப்பால் பொகீமியர், வடக்கே அயர்லாந்தர். பிற்காலத்தில் கிரேக்கரும் மெக்சிக்கரும் வந்து சேர்ந்தனர். இல்லத்தில் வாழ்ந்தோர் வீடுவீடாகச் சென்று விசாரித்து 1895 இல் நிறம் தீட்டிய படங்களோடு வெளியிட்ட நூலில், ஒரு சதுரமைலில் மூன்றிலொரு பங்குக்கும் குறைந்த நிலப்பரப்பிலே பதினெட்டு இனத்தவர் வாழ்ந்தமை காட்டப்பட்டுள்ளது.

அவ்விடத்தில் ‘பழைய குடிகள்’ எனத் தம்மைச் சொல்லிக்கொண்டவர் யார்? பெரும்பாலும் அயர்லாந்தரும் ஜெர்மானியரும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் பஞ்சத்தாலும் குழப்பத்தாலும் துரத்தப்பட்டு அதே துறைமுகங்களில் மூட்டையோடு வந்திறங்கியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளுமே அவர்கள். இத்தாலியன் தெருவுக்கு வந்ததும், ஓரளவு வசதி படைத்த அயர்லாந்தன் வேறு தெருவுக்குப் பெயர்ந்தான். வசதியற்றவன் மனக்கசப்போடு தங்கினான். பிந்தி வந்தவனை அந்நியன் என்று முந்தி வந்தவன் சொல்லுவதற்கு ஒரு தலைமுறை போதும் போலும்.

இவ்விரு பெண்களும் தொடக்கத்தில் பெரிய திட்டமெதுவும் வைத்திருந்ததாகத் தெரியவில்லை. கதை வாசிக்கும் கூட்டம் ஒன்று நடத்தினர். வேலைக்குச் செல்லும் தாய்மாரின் சிறு குழந்தைகளுக்குப் பாலர் வகுப்பொன்றைத் திறந்தனர். அவ்வகுப்பைப்பற்றி ஒரு சம்பவம் உண்டு. இத்தாலியச் சிறுவன் ஒருவன் ஒருநாட் காலை வெறிமயக்கத்தில் தள்ளாடிக்கொண்டு வகுப்புக்கு வந்தான். திராட்சை மதுவில் ஊறவைத்த ரொட்டியே அவனுடைய காலையுணவு. இளம் ஆசிரியை தாயிடம் சென்று, மதுவின் தீமையை நல்ல இத்தாலிய மொழியில் எடுத்து விளக்கினார். தாய் மிக மரியாதையாகக் கேட்டாள். கேட்டு முடிந்ததும், வீட்டுக்கு வந்த விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பலாகாதென்று தன்னிடமிருந்த சிறந்த மதுவை வார்த்து முன்னே வைத்தாள். ஆசிரியை மறுத்தார். இத்தாலிய மது இந்த அம்மாவுக்குப் பிடிக்கவில்லை போலும் என்றெண்ணிய தாய், வெளியே சென்று சிறிய கிண்ணத்தில் விஸ்கி கொண்டுவந்து, இதோ உண்மையான அமெரிக்கப் பானம் என்று நீட்டினாளாம். ஒருவர் போதித்தார், மற்றவர் உபசரித்தார். சொன்னது விளங்காமற் போனாலும் நட்பு கெடவில்லை.

முதல் நத்தார்ப் பண்டிகை இவ்வளவு வேடிக்கையாக அமையவில்லை. இல்லத்தில் கூடிய பிள்ளைகளுக்கு இனிப்புப் பண்டம் வழங்கினர். சிறுமியர் சிலர் அதைக் கையால் தொடவும் மறுத்துவிட்டனர். விசாரித்தபோது, தாங்கள் இனிப்புத் தொழிற்சாலையில் வேலை செய்வதாகவும், ஆறு வாரமாகக் காலை ஏழு மணி தொடக்கம் இரவு ஒன்பது மணிவரை அதையே செய்து அதைக் காணவே வெறுப்பாயிருப்பதாகவும் சொன்னார்கள். கொடுப்பவருக்குப் பெறுபவரைத் தெரியாவிட்டால் கொடையும் எவ்வாறு முடியும் என்பதை அவ்வம்மையார் அன்றே உணர்ந்தார்.

உணர்ந்தும் தவறினார். மலிவான விலையில் சத்துள்ள உணவு கிடைக்கச்செய்ய வேண்டுமென்று, பொஸ்தன் நகரத்தில் விஞ்ஞான முறைப்படி சமைக்கும் சமையற்சாலையொன்றைப் பின்பற்றிப் பொதுச் சமையற்சாலை ஒன்றை இல்லம் திறந்தது. தொழிற்சாலைகளில் பகல் முழுவதும் தைத்துவிட்டு வந்து, கையிற் கிடைத்ததை அவித்துக் கொடுக்கும் பெண்களுக்கு அது உதவுமென்பது எண்ணம். எண்ணத்திற் பிழையில்லை. சூப்பும் அவித்த இறைச்சியும் அளந்து, நிறுத்து, பரிசோதித்துச் சமைக்கப்பட்டன. ஆனால் வாங்குவார் மிகச் சிலரே. யூதருக்கு அவர்தம் சமயம் விதித்த உணவு வேண்டும். இத்தாலியருக்கு எண்ணெயும் மாப்பண்டமும் வேண்டும். உணவு சத்துள்ளதுதான், ஆயினும் தனக்கு விருப்பமானதையே தான் உண்ண விரும்புவதாக ஒரு பெண் வெளிப்படையாகவே சொல்லிவிட்டாள். சமையற்சாலையோடு இணைந்திருந்த கோப்பிக்கடை மட்டும், அயலிலுள்ளோர் வந்திருந்து கதைத்துச் செல்லும் இடமாக வளர்ந்தது. தமக்கு எது நல்லதென்று பிறர் தீர்மானித்த இடத்துக்கு மக்கள் வரவில்லை. தாமாக வந்து இருக்கக்கூடிய இடத்துக்கு வந்தார்கள். தம் தோல்விகளை மறைக்காமல், 1910 இல் எழுதிய தன்வரலாற்று நூலில் அம்மையார் இவற்றையெல்லாம் தாமே பதிவுசெய்திருப்பது அவருடைய பெருமை.

அந்நூலில் உள்ள மற்றொரு செய்தி மேலும் கடுமையானது. 1893 இல் தொடங்கிய பெரும் வேலையில்லாத் திண்டாட்டத்தின்போது, சரக்கனுப்பும் அலுவலகமொன்றில் இலிகிதராயிருந்து வேலையிழந்த ஒருவர் உதவி நாடி வந்தார். கால்வாய் வெட்டும் இடத்தில் வேலையுண்டு, அதைச் செய்யாமல் உதவி கேட்கலாகாது என்று அம்மையார் விதியை எடுத்துரைத்தார். தாம் எப்போதும் அறைக்குள் இருந்து வேலைசெய்தவர், மாரிக் குளிரில் வெளியில் நின்று உழைக்கத் தம் உடல் தாங்காது என்று அவர் சொன்னார். விதி விதியே என்றாயிற்று. இரண்டு நாள் மண் வெட்டினார். நியூமோனியாக் காய்ச்சல் பிடித்தது. ஒரு வாரத்தில் இறந்துபோனார். அவர் விட்டுச் சென்ற இரு பிள்ளைகளின் வளர்ச்சியை அம்மையார் பின்னர் கவனித்துவந்தார். அவர்களைக் காணும்போதெல்லாம் ஒரு மனிதனின் வாழ்க்கையை அறியாமல் அவனுக்கு விதி சொல்லக்கூடாதென்ற நினைவு தம்மைச் சுட்டதாக எழுதினார்.

குடியேறியவர் குடும்பங்களுள் நடந்த இன்னொரு மாற்றம் பள்ளிக்கூடங்களோடு தொடர்புடையது. பிள்ளைகள் அரசாங்கப் பாடசாலைக்குச் சென்று சில மாதங்களில் ஆங்கிலம் கற்றனர். தாய்தந்தையர் கற்கவில்லை. வீட்டுக்காரனோடு வாடகை பேசவும், வைத்தியரிடம் நோயைச் சொல்லவும், பொலிசாருக்கு மறுமொழி கூறவும் பத்து வயதுப் பிள்ளையே மொழிபெயர்ப்பாளனாயிற்று. குடும்பத்தில் யார் பெரியவர், யார் சிறியவர் என்பது தலைகீழானது. தாயின் தலைத்துணியும் தந்தையின் கொச்சைப் பேச்சும் பிள்ளைக்கு வெட்கத்தைத் தந்தன. பாடசாலை பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்துவிடுகிறது என்று, 1908 இல் அமெரிக்க ஆசிரியர்களின் தேசிய சங்கக் கூட்டத்திலேயே அம்மையார் எடுத்துரைத்தார். ஆசிரியர்களின் முகத்துக்கு நேரே சொல்வதற்குத் துணிவு வேண்டும். நாட்டுக்கு ஒரு பிரசையைச் சேர்க்க முற்பட்டு, வீட்டுக்கு ஒரு பிள்ளையை இல்லாமற் செய்வது எவ்வகையில் இலாபம் என்ற கேள்விக்கு அன்றைய பாடத்திட்டத்தில் விடை இருக்கவில்லை.

அதற்கு ஹல் இல்லம் கண்ட மருந்து வியப்பானது. ஒருநாள் அம்மையார் வீதியில் நடந்து செல்கையில், முதிய இத்தாலிய மாதொருத்தி வாசற்படியில் வெயிலில் இருந்து, பஞ்சு சுற்றிய கோலைப் பிடித்தவாறு, நம்மவர் தக்களி என்று சொல்லும் அதே கைக்கதிரைச் சுழற்றி நூல் நூற்பதைக் கண்டார். அதே தெருவில் அவளுடைய பேரப்பிள்ளைகள் நெசவுத் துணியைத் தைக்கும் தொழிற்சாலைகளில் வேலைசெய்தனர். தாங்கள் தைக்கும் துணிக்கும் பாட்டியின் கையில் சுழலும் கதிருக்கும் உள்ள தொடர்பு அவர்களுக்குத் தெரியாது. 1900 இல் ‘தொழிற் காட்சிச்சாலை’ ஒன்று இல்லத்தில் திறக்கப்பட்டது. சனிக்கிழமை மாலைதோறும் சிரியா, கிரேக்கம், இத்தாலி, உருசியா, அயர்லாந்து ஆகிய நாட்டுப் பெண்கள் தத்தம் ஊர் முறைப்படி நூற்றும் நெய்தும் காட்டினார்கள். கைக்கதிரிலிருந்து இராட்டினத்துக்கும் அதிலிருந்து இயந்திரத்துக்கும் தொழில் எவ்வாறு வளர்ந்தது என்பது ஒழுங்காகக் கண்முன் விளங்கியது. உருசியப் பெண்ணும் அயர்லாந்துப் பெண்ணும் அருகருகே இருந்து நூற்றபோது, இருவர் முறைக்கும் பெரிய வேற்றுமையில்லை என்பதை அவ்விருவருமே கண்டார்கள். அங்கே மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அதுவரை மாணவராக மட்டும் இல்லத்துக்கு வந்தவர்கள் அன்று ஆசிரியராக இருந்தார்கள்.

அங்கே நூற்றவருள் ஒருத்தியின் மகள் அஞ்சலினா என்பவள், அதே மாலையில் சமையல் வகுப்புக்கு வருவாள். தாயோ தலையில் துணி கட்டி, கையால் நெய்த தடித்த பாவாடையோடு முன்வாசலால் நுழைவாள். அவளுடைய மகள் தானென்று பிறர் அறியாதிருக்க, அஞ்சலினா வேறொரு வாசலால் சுற்றி வருவாள். ஒருநாள் மாலை தாயைச் சூழ்ந்து ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையிலிருந்து வந்த சிலர் நின்று, அவளுடைய கைத்திறத்தை வியந்து பேசுவதை மகள் கண்டாள். அமெரிக்கா முழுவதிலும் கைக்கதிரில் இவளைப்போல நூற்பவர் இல்லையோ என்று அவளுக்குத் தோன்றியது. உண்மைதானா என்று அம்மையாரிடம் கேட்டாள். அம்மையார் அதற்கு மறுமொழியாக, தாய் வாழ்ந்த இத்தாலியக் கிராமத்தைப்பற்றிச் சொன்னார். வெளியில் கூட்டமாக இருந்து நூற்ற பெண்களைப்பற்றியும், அவையனைத்தையும் விட்டு, அறியாத நகரத்தில் வந்து வாழும் கடினத்தைப்பற்றியும் சொன்னார். சிறிது காலத்தின் பின், கட்டிலின் கீழ்ப் பெட்டியில் மூடிவைத்திருந்த ஊர்ப் புடைவைகளை எடுத்துப் பார்க்க மகளே தாயை அனுமதித்தாள். தாயின் ஆடையைத் தாய் எடுக்க மகளின் அனுமதி வேண்டியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பிறகு இருவரும் ஒரே வாசலால் வரலாயினர்.

கிரேக்கர் விடயத்திலும் இத்தகைய ஒன்று நடந்தது. பழக்கூடை சுமந்து விற்ற கிரேக்கரை நகரத்தவர் இழிவாகவே கருதினர். 1903 இல் இல்லத்து அரங்கில் அவர்கள் சொபொக்கிளிசின் ‘அயாக்ஸ்’ நாடகத்தைப் பண்டைக் கிரேக்க மொழியிலேயே நடித்தனர். பேராசிரியர்கள் வந்திருந்து கேட்டனர். அறியாமையுள்ள அமெரிக்கருக்குத் தம் நாட்டின் பெருமையைக் காட்டுவதாகவே நடித்தவர்கள் எண்ணினார்கள் என்று அம்மையார் குறிப்பிடுகிறார். அவர்கள் எண்ணியது முற்றும் தவறென்று சொல்ல முடியாது.

பழையவரையும் புதியவரையும் உண்மையாக ஒன்றிணைத்தது கலை மாத்திரமன்று, குப்பையும்தான். வட்டாரத்தின் தெருக்களில் பெரிய மரப்பெட்டிகள் வைத்து அவற்றிலே குப்பை கொட்டுவது வழக்கம். பழத்தோலும், அழுகிய மரக்கறியும், கந்தல் பொறுக்குவோர் கழித்துவிட்ட கந்தலும் நிரம்பி வழியும். குழந்தைகள் அவற்றின்மேல் ஏறி விளையாடுவர். குப்பை அள்ள ஒப்பந்தம் எடுத்தவர் கூலி பெற்றாரேயன்றி அள்ளவில்லை. ஊரில் கிராமத்து நிலத்திலே மண்ணோடு மண்ணாகும் குப்பை, நெருங்கிய நகரத்தில் பிள்ளையைக் கொல்லும் என்பதைக் குடியேறிய தாய்மாருக்கு விளக்க வேண்டியிருந்தது. இல்லத்துப் பெண்கள் சங்கத்தில் இதைப் பேசியபோது, அவ்வூரிலேயே வளர்ந்த அயர்லாந்து வழிவந்த பெண்கள் பன்னிருவர் முன்வந்தனர். பகலெல்லாம் வீட்டுவேலை செய்துவிட்டு, கோடைகால மாலைகளில் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து, கண்டதை எழுதினார்கள். இரண்டு மாதத்தில் நகரச் சுகாதாரப் பகுதிக்கு அனுப்பிய முறைப்பாடுகள் 1,037. பக்கத்து இத்தாலியரின் முற்றத்தைப் பழித்து விலகிப்போனவர்களின் மகளிர், அதே முற்றத்துக்காக நகர ஆட்சியோடு வாதாடினர் என்றால் அதுவே பெரிய மாற்றம்.

1895 இல் நகர முதல்வர் அம்மையாரையே அவ்வட்டாரத்தின் குப்பைப் பரிசோதகராக நியமித்தார். சம்பளம் ஆண்டுக்கு ஆயிரம் டொலர். காலை ஆறு மணிக்கு எழுந்து குப்பை வண்டிகளின் பின்னாற் சென்று, கொண்டுபோய்க் கொட்டும் இடம்வரை அவர் பார்த்துவந்தார். பெண்மணிக்கு இது தகுமா என்று அயலிலுள்ள முதியவர்கள் முகஞ் சுளித்தனர். நோயாளியைப் பராமரிப்பது பெண்ணுக்குத் தகுமானால், நோயைத் தடுப்பதும் தகும் என்று விளக்க நேர்ந்தது. ஒரு குறுகிய தெருவில் குப்பையை வெட்டி அகற்றியபோது, பதினெட்டு அங்குல ஆழத்தில் கல் பதித்த பழைய வீதி வெளிப்பட்டது. அத்தெருவில் வாழ்ந்த இத்தாலியர் ஆவலோடு பார்த்தார்களே தவிர வியப்படையவில்லை. புதைந்த நகரங்களைத் தோண்டியெடுப்பது அவர்கள் நாட்டில் புதிதன்று என அம்மையார் நகைச்சுவையாக எழுதினார். மரண வீதத்தில் நகரத்தின் மூன்றாம் இடத்திலிருந்த வட்டாரம் ஏழாம் இடத்துக்கு இறங்கியது.

இல்லத்தில் வாழ்ந்த புளோரன்ஸ் கெலி அம்மையாரின் விசாரணைகளின் பயனாக, 1893 இல் இலினோய் மாநிலம் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தொழிற்சாலையில் அமர்த்துவதைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. பிள்ளையின் கூலியை நம்பியிருந்த குடியேறிகள் சிலரே அதை எதிர்த்தனர். 1908 இல் குடியேறிகளைப் பாதுகாக்கும் சங்கம் தோன்றி, புகையிரத நிலையங்களில் வந்திறங்குவோரை ஏமாற்றுக்காரர் கையில் விழாமல் உறவினரிடம் சேர்ப்பித்தது.

இவ்வளவு செய்தும் ஹல் இல்லம் அடையாத எல்லைகள் உண்டு. 1908 இல் உருசிய யூத இளைஞன் ஒருவன் பொலிஸ் தலைமை அதிகாரியின் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டான். அவன் கொலைசெய்ய வந்தவன் என்றார் அதிகாரி. உடனே உருசிய யூதர் எல்லோருமே ஆபத்தானவர்கள் என்ற பீதி பரவியது. பொறுமையும் நீதியும் வேண்டுமென்று பேசிய அம்மையாரைப் பத்திரிகைகள் தூற்றின. இருபது ஆண்டு அயலுறவு ஒரு நாட் செய்தியில் ஆட்டங்கண்டது. மேலும், தென்மாநிலங்களிலிருந்து சிக்காகோவுக்கு இடம்பெயர்ந்த கறுப்பின மக்கள் கடல் கடந்து வந்தவரல்லர், தலைமுறை தலைமுறையாக அந்நாட்டில் வாழ்ந்தவர்கள். ஆயினும் நகரம் அவர்களையே எல்லோரிலும் அந்நியராக நடத்தியது. அவர்களுடைய உரிமைக்கான தேசிய சங்கம் 1909 இல் உருவானபோது அம்மையார் முன்னின்றார். எனினும் அவருடைய இல்லத்துக்கு வந்தோருள் கறுப்பினத்தவர் நெடுங்காலம் மிகச் சிலராகவே இருந்தனர். இதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு குறைபடும்.

முதலாம் உலகப்போரை எதிர்த்தமையால் அவர் மக்கள் மதிப்பை ஒரு காலம் இழந்தார். 1924 இல் அமெரிக்கா தென், கிழக்கு ஐரோப்பியர் வருகையைச் சட்டத்தால் மிகவும் குறைத்துவிட்டது. 1931 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசின் ஒரு பாதி அவருக்குக் கிடைத்தது. 1935 மே மாதத்தில் காலமானார். அவர் உடல் ஹல் இல்லத்தில் வைக்கப்பட்டபோது, அயலிலுள்ளோர் ஆயிரக்கணக்கில் வந்து சென்றனர்.

1961 இல் அவ்வட்டாரத்தை இடித்துப் பல்கலைக்கழகம் அமைக்க நகர ஆட்சி முடிவுசெய்தது. பதின்மூன்று கட்டிடங்களாக வளர்ந்திருந்த இல்லத்தின் நம்பிக்கைப் பொறுப்பாளர்களும் இழப்பீடு பெற்று விலக உடன்பட்டனர். எதிர்த்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் புளோரன்ஸ் ஸ்காலா என்ற பெண்மணி. அவர் ரெயிலர் வீதியிலிருந்த இத்தாலியத் தையற்காரரொருவரின் மகள். சிறுவயதில் ஹல் இல்லத்துக்குப் போய்வந்து வளர்ந்தவர். அயலிலுள்ள பெண்களை அழைத்துக்கொண்டு நகர முதல்வரின் அலுவலகத்திலே போய் அமர்ந்தார். வழக்கை உயர் நீதிமன்றம் வரை கொண்டுசென்றார். 1963 இல் வழக்குத் தோற்றது. பழைய மாளிகையும் உணவு மண்டபமும் நூதனசாலையாக எஞ்சின, மற்றவை இடிக்கப்பட்டன. அவ்வில்லத்தின் பெயரால் வேறிடங்களில் பணியைத் தொடர்ந்த சங்கமும் பணமின்றி 2012 சனவரியில் மூடப்பட்டது. ஸ்காலா அம்மையார் ரெயிலர் வீதியைவிட்டுப் போகவில்லை. தந்தையார் தையற்கடை வைத்திருந்த கட்டிடத்திலேயே 1980 இல் ஓர் உணவுச்சாலையைத் திறந்து பல ஆண்டுகள் நடத்தினார்.